கலங்கள் உண்ணும் உணவு

நுவரெலியாவிலிருந்து ஹக்கலையைக் கடந்து கீழிறங்கும் பெருவீதி, ஊவா மாகாணத்துட் புகுந்தபின் சென்றடையும் முக்கியமான ஊர் வெலிமடை. ஒருபுறம் உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் நிலங்கள். மறுபுறம் தேயிலை மலைகள். 1924ஆம் ஆண்டில் இருப்புப் பாதை பதுளையை எட்டியது. ஆயினும் அது பண்டாரவளை வழியாகச் சென்றதேயன்றி வெலிமடையைத் தொடவில்லை. ஆகவே இவ்வூருக்கும் இதனைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் கொழும்பு நெடுங்காலம் தொலைவிலுள்ள நகரமாகவே இருந்துவந்தது. அந்தத் தொலைவு மிகக் கொடியதாகத் தோன்றிய வேளைகள் சில உண்டு. லயன் வாசலிலோ மரக்கறித் தோட்டத்து வேலியோரத்திலோ ஒருவரை விசர் நாய் கடித்துவிட்ட வேளை அவற்றுள் ஒன்று.

நீர்வெறுப்பு நோய் வெளிப்பட்டுவிட்டால் அதற்கு மருந்தில்லை. கடிவாயினுட் புகுந்த வைரசு நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைவதற்குப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ செல்லும். அந்த இடைவெளியே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தடுப்பு மருந்தினால் எழுப்பிவிட வேண்டும். 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர் என்பதை நினைவிற் கொண்டால், இந்த அவகாசம் எத்தனை பேருக்குப் பயன்படாமற் போயிற்று என்பது விளங்கும்.

பயன்படாமற் போனமைக்குத் தூரம் ஒரு காரணம். மருந்தும் ஒரு காரணம். இந்நாட்டில் 1995ஆம் ஆண்டு வரை வழங்கிய தடுப்பு மருந்து, விலங்கின் மூளையை அரைத்துச் செய்யப்பட்டது. 1911ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரித்தானிய மருத்துவர் வகுத்த முறை அது. வைரசை ஆட்டின் மூளையிற் பெருக்கி, அம்மூளையைக் கரைத்து, பீனோல் சேர்த்து வைரசைக் கொன்று, அக்கரைசலை நோயாளியின் வயிற்றுத் தோலின் கீழ் நாள்தோறும் ஏற்றினர். கடுமையான கடியாயின் பதினான்கு நாள் வரை இது தொடரும். பிரட்டுக்களத்திற்கு வராத நாளுக்குப் பேர் விழாத தோட்டத் தொழிலாளிக்குப் பதினான்கு நாள் என்பது சிறு காலமன்று. இரண்டாம் மூன்றாம் ஊசியோடு நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

இவற்றினும் பெரிய இடரும் அம்மருந்தில் இருந்தது. ஆட்டு மூளையிலுள்ள கொழுப்புறைப் பொருள் மனித நரம்பின் உறையை ஒத்தது. அதனை மீண்டும் மீண்டும் உடலில் ஏற்றும்போது, சிலருடைய உடல் தன் சொந்த நரம்பையே பகையென மயங்கித் தாக்கத் தொடங்கும். நாய்க்கடியினின்று தப்பியவர் தடுப்பு மருந்தினால் கைகால் வழங்காமற் போவதுண்டு, இறந்தோரும் உண்டு. மருந்து கொடுத்த வைத்தியர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். வேறு வழி இல்லாமையால் கொடுத்தார்கள்.

வேறு வழி ஏன் இல்லை? மூளையை விட்டுவிட்டு வைரசை மாத்திரம் வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். பற்றீரியாவாயின் அது கூடும். இறைச்சிச் சாற்றில் இட்டுவைத்தால் அது தானே பெருகும். வைரசு அத்தகையதன்று. உயிருள்ள கலத்தினுட் புகுந்தாலன்றி அது பெருகாது. 1885ஆம் ஆண்டில் பாஸ்ரர் முயலின் முள்ளந்தண்டு நாணை நாடியதும், செம்பிள் ஆட்டு மூளையை நாடியதும் இதனாலேயே. விலங்கின் உடலே அவர்களுக்கு வளர்ப்புப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை ஒழிக்க வேண்டுமாயின், விலங்கின் கலங்களை உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குப்பியில், உயிரோடு வைத்திருக்கக் கற்க வேண்டும். குப்பியிலிருக்கும் கலத்திற்கு எதனை உண்ணக் கொடுப்பது? வெலிமடையில் நாய்க்கடிபட்ட ஒருவர் பிழைப்பதும் பிழையாததும், நெடுந்தொலைவிலுள்ள ஆய்கூடங்களில் இந்த ஒரு வினாவுக்கு விடை காண்பதைப் பொறுத்திருந்தது. விடை காண ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன.

தேடலின் தொடக்கத்தில் ஒரு தவறு நிற்கிறது. அத்தவறு நன்மையாய் முடிந்தது. இலண்டனில் சிட்னி றிங்கர் என்ற மருத்துவர் 1882ஆம் ஆண்டளவில் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. உப்பும் நீருமே போதும் போலும் என அவர் எண்ணினார். பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. காரணம் தேடிப் பார்த்ததில், முன்னைய கரைசலைக் காய்ச்சி வடித்த நீரிற் செய்யாமல், இலண்டன் நகரக் குழாய் நீரிலேயே செய்திருந்தமை தெரியவந்தது. குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம், கலந்திருந்தது. சிறிதளவான அந்தக் கல்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது. றிங்கர் 1883ஆம் ஆண்டில் இதனை வெளிப்படையாக எழுதித் தம் முந்திய முடிவைத் திருத்தினார். சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் உப்புகள் இன்ன விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்ற அறிவு இவ்வாறு பிறந்தது. இன்று உலகில் எந்த ஆய்கூடத்தில் எந்தக் கலத்தை வளர்த்தாலும் அந்த ஊடகத்தின் அடித்தளம் றிங்கருடைய உப்புக் கரைசலின் வழிவந்ததே.

ஆனால் உப்பு உயிரைத் தாங்கிப் பிடிக்குமேயன்றி வளர்க்காது. வளர்ச்சியைக் கண்ணாற் கண்டு காட்டியவர் அமெரிக்கரான றொஸ் ஹரிசன். நரம்பு நார் கலத்திலிருந்து முளைத்து நீள்கிறதா, அன்றிப் பல கலங்கள் இணைந்து உண்டாகிறதா என்று அறிஞர்களிடையே பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1907ஆம் ஆண்டில் ஹரிசன் தவளைக் கருவின் நரம்புத் துண்டொன்றை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளியில் இட்டு, அத்துளி உறைந்ததும் கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நரம்பு நார் கலத்திலிருந்து முளைத்து நீளுவதை அவர் கண்டார். வழக்குத் தீர்ந்தது. அதைவிடப் பெரியதொன்றும் நிகழ்ந்தது. உடலைப் பிரிந்த இழையம் உடலுக்கு வெளியே வளரும் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

நியூயோர்க்கில் றொக்பெல்லர் நிலையத்தில் இருந்த அலெக்சிஸ் கரல் இதனைக் கேள்வியுற்று, தம் உடனுழைப்பாளரான மொன்ரோஸ் பரோஸ் என்பவரை ஹரிசனிடம் அனுப்பி அக்கலையைக் கற்றுவரச் செய்தார். வெப்பக் குருதியுள்ள பிராணிகளுக்குத் தவளையின் நிணநீர் ஒவ்வாது. எனவே கோழிக் குருதியின் பிளாஸ்மாவையும், கோழிக் கருவை நசுக்கிப் பிழிந்த சாற்றையும் அவர்கள் உணவாக்கினார்கள். கருவின் சாறு கலங்களை வியக்கத்தக்க விரைவோடு பெருக்கியது. 1912ஆம் ஆண்டு ஜனவரியில் கோழிக் கருவின் இதயத்திலிருந்து தொடங்கிய வளர்ப்பொன்று, 1946ஆம் ஆண்டு வரை, கரல் இறந்த பின்னும்கூட, பேணப்பட்டது. கலத்திற்குச் சாவே இல்லை என உலகம் நம்பிற்று. 1961ஆம் ஆண்டில் லெனாட் ஹேபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் இயல்பான மனிதக் கலங்கள் ஏறக்குறைய ஐம்பது தடவை இரட்டித்தபின் ஓய்ந்துவிடும் என்று காட்டியபோது அந்த நம்பிக்கை சரிந்தது. கரலின் குப்பிக்குள் உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய கலங்களும் சேர்ந்து சென்றிருக்கலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. இன்னது என்று தெரியாத உணவைக் கொடுத்தால், விளைவு எதனால் உண்டாயிற்று என்பதும் தெரியாது போகும்.

இயற்கைச் சாறுகளின் குறை இதுவே. பிளாஸ்மாவில் எத்தனை பொருள்கள் உள்ளன என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இன்று பிழிந்த சாறு நேற்றுப் பிழிந்தது போல் இராது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் ஜோர்ஜ் கை என்பவர், ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த கலங்களை வளர்த்தார். மனிதக் கலங்களுள் முதன்முதலாக ஓயாமற் பெருகியவை இவை. அக்கலங்களுக்கு அவர் ஊட்டியவை கோழிப் பிளாஸ்மா, மாட்டுக் கருவின் சாறு, மனிதத் தொப்புட்கொடிக் குருதியிலிருந்து எடுத்த சீரம் ஆகியவை. ஆய்கூடம் பாதி, கசாப்புக்கடை பாதி என்று சொல்லத்தக்க நிலை! அப்பெண்மணியின் இசைவைக் கேளாமலே அக்கலங்கள் எடுக்கப்பட்டன என்பதையும் இங்கே மறைத்தல் தகாது.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் கனடாவின் ரொறொன்ரோ நகரிலுள்ள கொனொற் ஆய்கூடத்தைச் சேர்ந்த ஜோசப் மோகன், ஹெலன் மோட்டன், றேமண்ட் பாக்கர் என்போர். பெயர் தெரிந்த இரசாயனப் பொருள்களை மாத்திரம் அளந்து கலந்து கலத்திற்கு உணவாக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். உப்புகள், குளுக்கோசு, அமினோ அமிலங்கள், விற்றமின்கள் என அறுபதுக்கு மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து அவர்கள் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட ஊடகத்திற்கு 199 என்ற இலக்கமே பெயராயிற்று. அது அவர்களது 199ஆவது முயற்சி என்பர். அவர்கள் கருதியது புற்றுநோய் ஆராய்ச்சி. அது உதவியதோ இளம்பிள்ளைவாதத்திற்கு.

1949ஆம் ஆண்டில் ஜோன் என்டர்ஸ், தோமஸ் வெல்லர், பிரடெரிக் றொபின்ஸ் ஆகிய மூவரும் போலியோ வைரசை நரம்பல்லாத இழையத்திலும் வளர்க்கலாம் என்று காட்டியிருந்தனர். குரங்கின் சிறுநீரகக் கலங்கள் அதற்கு உகந்தவையாயின. ஆனால் மில்லியன் கணக்கான குழந்தைகளுக்கு ஏற்ற வேண்டிய மருந்தில் குதிரைச் சீரமோ மாட்டுச் சீரமோ கலந்திருத்தல் ஆகாது. ஒவ்வாமையால் தீங்கு நேரும். 199இல் சீரமும் இல்லை, புரதமும் இல்லை. சிறுநீரகக் கலங்கள் அதிலே வைரசு பெருகுவதற்கு வேண்டிய நாள்கள் வரை உயிரோடு தரித்தன. அவ்வளவே தேவைப்பட்டது. 1955ஆம் ஆண்டில் சோக் தடுப்பு மருந்து வெளிவருவதற்கு இந்த ஊடகம் வழிசெய்தது. இலங்கையிலே 1962ஆம் ஆண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்டோரை இளம்பிள்ளைவாதம் பீடித்தது. அவ்வாண்டிலேயே வாய்வழியாகக் கொடுக்கும் சேபின் மருந்து இங்கே வழங்கத் தொடங்கிற்று. அதுவும் குப்பியில் வளர்ந்த குரங்குச் சிறுநீரகக் கலங்களிற் பிறந்த மருந்தே. 1993ஆம் ஆண்டிற்குப் பின் இந்நாட்டில் அந்நோய் தோன்றவில்லை.

199இன் வழி, வேண்டியது எதுவெனத் தெரியாதவிடத்து எல்லாவற்றையும் சேர்ப்பது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்திலிருந்த ஹரி ஈகிள் அதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். ஓர் அமினோ அமிலத்தை நீக்கினால் கலம் சாகிறதா? சாகுமாயின் அது இன்றியமையாதது; சாகவில்லையாயின் விட்டுவிடலாம். ஆண்டுக்கணக்காக நடந்த இச்சோதனைகளின் பயனை 1955ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மனிதன் உணவிலிருந்தே பெற வேண்டிய அமினோ அமிலங்கள் எட்டு அல்லது ஒன்பது. குப்பியில் வாழும் கலத்திற்கோ பதின்மூன்று வேண்டியிருந்தன.

இஃது ஏன் என்று சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். உடலில் உள்ள கலம் தனித்து வாழ்வதன்று. கல்லீரல் ஒன்றைச் செய்து குருதியில் விடும்; மற்றோர் உறுப்பு வேறொன்றைச் செய்து விடும்; ஏனையவை வாங்கி உண்ணும். கூட்டுக் குடும்பத்திலிருந்த பிள்ளை தனிக்குடித்தனம் போனபின்தான், வீட்டில் எதையெதை யார் யார் செய்து வைத்தார்கள் என்று தெரியவருகிறது. குளுற்றமீன் என்ற அமினோ அமிலம் இதற்கு நல்ல சான்று. உடல் தானே ஆக்கிக்கொள்ளும் பொருள் அது. குப்பியிலுள்ள கலமோ அதனைப் பெருமளவில் வேண்டிற்று. அதிலும் ஒரு தொல்லை உண்டு. கரைசலில் இட்ட குளுற்றமீன் கலங்களை வளர்க்கும் வெப்பநிலையில் நாளடைவில் தானே சிதைந்து அமோனியாவை விடுகிறது. செய்து நெடுநாள் வைத்த ஊடகத்தில் கலங்கள் வாடுவதற்கு இஃது ஒரு காரணம்.

ஈகிளின் பட்டியலில் விற்றமின்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று போலிக் அமிலம். அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1945ஆம் ஆண்டில் கண்ட லேடலே ஆய்கூடக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்றவர். இன்று உலகெங்கும் பயன்படும் வளர்ப்பூடகங்களில் சென்னையிற் படித்த ஒருவரின் உழைப்பும் கரைந்திருக்கிறது. அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர்.

1959ஆம் ஆண்டில் ஈகிள் தம் ஊடகத்தைத் திருத்தி, 'மிகக் குறைந்தபட்ச இன்றியமையா ஊடகம்' எனப் பெயரிட்டார். பதின்மூன்று அமினோ அமிலங்கள், எட்டு விற்றமின்கள், சில உப்புகள், குளுக்கோசு. அத்துடன் இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. அதுவே அவருக்கும் அவருக்குப் பின் வந்தோருக்கும் முள்ளாயிற்று. சிறிதளவு சீரம் சேராவிடின் கலங்கள் பெருகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்கூடங்கள் இதனோடு போராடின. கொல்லப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருந்து எடுக்கும் சீரம் எல்லாவற்றினும் சிறந்தது எனக் கண்டனர். அதன் விலையோ மிகுதி. தொகுதிக்குத் தொகுதி தன்மை மாறும். மாட்டின் வைரசுகளும் அதில் ஒளிந்து வரலாம். 1986ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய் கண்டறியப்பட்டபின், எந்த நாட்டு மாட்டின் சீரம் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. சீரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கலத்தைப் பெருகுமாறு ஏவும் ஓமோன்களும் வளர்ச்சிக் காரணிகளும், இரும்பைச் சுமந்து செல்லும் புரதங்களும் இருக்கின்றன. 1976ஆம் ஆண்டில் கோடன் சாட்டோவும் இசுமி ஹயாசியும் சீரத்திற்குப் பதிலாகச் சில ஓமோன்களையும் இரும்பேந்தும் புரதத்தையும் சேர்த்துக் கலங்களை வளர்த்துக் காட்டினர். சீரம் இல்லாத ஊடகம் கனவன்று என்பது அப்போது தெளிவாயிற்று.

அவ்வாறாயின் எல்லாக் கலங்களுக்கும் ஏற்ற ஒரே ஊடகம் எது? அப்படி ஒன்று இல்லை. இதனைத் தேயிலை மலையில் வாழ்வோருக்கு விளக்குவது எளிது. தேயிலைத் தண்டை வெட்டி நாற்றுமேடையில் ஊன்றுவோர் உரம் மிகுந்த கொழுத்த மேல்மண்ணை நாடுவதில்லை. புளிப்புத் தன்மையுள்ள அடிமண்ணையே நாடுவர். உருளைக்கிழங்குக்குக் குழைந்த எருமண் வேண்டும். மண் நல்லதா என்று கேட்பதில் பொருளில்லை. எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். குருதியின் வெண்கலங்கள் பாய்மத்தில் மிதந்து வாழ்பவை. அவற்றுக்கு 1967ஆம் ஆண்டில் பபலோ நகரின் றொஸ்வெல் பாக் நிலையத்தில் ஆக்கப்பட்ட 1640 என்ற இலக்கமுடைய ஊடகம் பொருந்துகிறது. கண்ணாடியில் ஒட்டிப் படரும் சிறுநீரகக் கலங்களுக்கு ஈகிளின் ஊடகமும் அதன் வழிவந்தவையும் ஏற்றவை. உடலிலிருந்து புதிதாக எடுத்த கலங்களுக்குச் சீரத்தை மிகுதியாக ஊற்றினால், விரும்பிய கலம் வளருமுன் இணைப்பிழையக் கலங்கள் களைபோல் மண்டிவிடும். செழிப்பான உணவே சிறந்த உணவு என்று எண்ணிக் கெட்ட ஆய்வுகள் பல.

உணவு மட்டும் போதாது. அதன் புளிப்பும் காரமும் குருதியின் அளவில் நிற்க வேண்டும். கலம் உண்டு வாழும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. அதனைச் சமன் செய்யப் பெரும்பாலான ஊடகங்களில் இருகாபனேற்று சேர்த்து, நூற்றுக்கு ஐந்து பங்கு காபனீரொட்சைட்டு உள்ள பெட்டியில் குப்பியை வைப்பர். அப்பெட்டி இல்லாத இடத்திற்கென்றே 1963ஆம் ஆண்டில் லைபோவிற்ஸ் என்பவர் வேறு வகை ஊடகம் ஒன்றை வகுத்தார். பீனோற் சிவப்பு என்ற சாயத்தையும் ஊடகத்திற் கலந்து வைப்பது வழக்கம். சிவப்பாக இருந்தால் நலம். மஞ்சளானால் அமிலம் மிகுந்துவிட்டது, உணவை மாற்ற வேண்டும். ஊதா நிறம் பாரித்தால் காரம் மிகுந்துவிட்டது. கோப்பையின் நிறத்தைக் கண்டே தேயிலையின் தரத்தைச் சொல்லும் சுவைஞரைப் போல, பழகிய ஆய்வாளர் குப்பியின் நிறத்தைக் கண்டே கலங்களின் நலத்தைச் சொல்லிவிடுவார்.

தடுப்பு மருந்து செய்வோர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கலத்தைப் பெருக்க உதவும் சீரத்திலேயே வைரசைத் தடுக்கும் பொருள்களும் இருக்கக்கூடும். ஆகவே அவர்கள் இரண்டு ஊடகங்களைக் கைக்கொண்டனர். முதலில் சீரம் சேர்ந்த வளர்ப்பூடகத்தில் கலங்களைப் பெருக்குவர். குப்பியின் தளம் நிறைந்ததும் அதனை வடித்து, கலங்களைக் கழுவி, சீரம் அற்ற அல்லது மிகக் குறைந்த பேணும் ஊடகத்தை ஊற்றி, அப்போதே வைரசை விடுவர். பிள்ளை வளரும்போது ஓர் உணவு, வேலைக்குப் போகும்போது வேறோர் உணவு என்பது போன்றது இது.

இவ்வறிவெல்லாம் திரண்ட பின்னரே விசர்நாய்க்கடி மருந்து ஆட்டு மூளையை விட்டு வெளியேற முடிந்தது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிஸ்லிங் என்பவர் அவ்வைரசை வெள்ளெலியின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்தார். பிலடெல்பியாவின் விஸ்ரார் நிலையத்தில் விக்ரர், பெர்னாண்டஸ், கொப்ரொவ்ஸ்கி ஆகியோர் 1964ஆம் ஆண்டில் அதனை, ஹேபிளிக் உருவாக்கிய இயல்பான மனிதக் கலவழியிற் பழக்கினர். நரம்பிழையம் சிறிதும் இல்லாத மருந்து பிறந்தது. அதனைச் சோதித்த களம் ஈரான் நாடு. அங்கே விசர் பிடித்த ஓநாய்களாலும் நாய்களாலும் கடுமையாகக் கடியுண்ட 45 பேருக்கு அம்மருந்தும் உரிய சீரமும் ஏற்றப்பட்டன. ஆறே ஊசிகள். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, நாற்பத்தைவரும் பிழைத்தனர். மூளை மருந்து வழங்கிய காலத்தில், ஓநாய் கடித்தவர்களில் பலர் ஊசி போட்டும் இறந்துகொண்டிருந்தனர் என்பதை அறிந்தோர்க்கு இந்த எண்ணின் பெறுமதி தெரியும்.

ஆனால் மனிதக் கலங்கள் மெல்லப் பெருகுபவை. ஓர் எல்லையோடு ஓய்ந்துவிடுபவை. அவை தரும் வைரசும் குறைவு. மருந்தின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாயிற்று. இங்கே கைகொடுத்தது யப்பானில் தோன்றிய ஒரு கலவழி. 1962ஆம் ஆண்டு மார்ச்சில் சீபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுமுராவும் கவகிற்றாவும் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து அதனைத் தொடங்கினர். எஸ்பெரான்ரோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் எனப் பொருள்படும் சொற்களைச் சுருக்கி 'வேரோ' எனப் பெயரிட்டனர். அம்மொழியில் அச்சொல்லுக்கு உண்மை என்றும் பொருள். இக்கலங்கள் ஓயாமற் பெருகும். 1967ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் வன் வெசல் காட்டிய முறைப்படி, நுண்ணிய மணிகளின் மேல் ஒட்டவைத்து, பெரிய தாழிகளில் ஊடகத்தோடு கலக்கி வளர்க்கலாம். 1980களின் நடுவில் வேரோக் கலங்களில் ஆக்கிய விசர்நாய்க்கடி மருந்து பிரான்சில் வெளிவந்தது. அதில் எஞ்சக்கூடிய மாட்டுச் சீரப் புரதத்திற்கும் உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. ஓர் ஊசி மருந்தில் ஒரு கிராமின் நூறு கோடிப் பங்கில் ஐம்பது பங்கிற்கு மேல் இருத்தலாகாது.

1995ஆம் ஆண்டில் இலங்கை ஆட்டு மூளை மருந்தைக் கைவிட்டுக் கல வளர்ப்பு மருந்துக்கு மாறிற்று. இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதனை நிறுத்தியது. நீலகிரியில், வெலிமடையைப் போன்றே தேயிலை சூழ்ந்த குன்னூரில், 1907ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பாஸ்ரர் நிலையம் நெடுங்காலம் ஆட்டு மூளை மருந்தைச் செய்து வந்தது. அந்நிலையமும் பின்னர் வேரோக் கலங்களுக்கு மாறியது. அண்மையிலுள்ள உதகமண்டலத்திலும் அக்கலங்களில் மருந்து ஆக்கும் தொழிற்சாலை எழுந்தது.

விலை இன்னும் முற்றாகத் தீர்ந்த சிக்கலன்று. ஊடகத்தின் செலவும் தூய்மையாக்கும் செலவும் மருந்தின் விலையில் ஏறியே வருகின்றன. அதற்கு மாற்றாகத் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர்கள் வேறொரு வழி கண்டனர். முழுக் குப்பி மருந்தையும் ஒருவர் தசையில் ஏற்றுவதற்குப் பதிலாக, மில்லிலீற்றரின் பத்தில் ஒரு பங்கைத் தோலின் மேற்படையினுள் ஈரிடங்களில் ஏற்றினாற் போதும். உடல் அதே வலிமையோடு எதிர்ப்பை எழுப்புகிறது. ஒரு குப்பி பலருக்குப் போதுமானதாயிற்று. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகள் இம்முறையை மேற்கொண்டன. பதினான்கு நாள் வயிற்றில் ஏற்றிய ஊசி, ஒரு மாதத்துள் நான்கு தடவை கையில் ஏற்றும் ஊசியாகச் சுருங்கிற்று. கடிவாயை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்ற விதி மாத்திரம் மாறவில்லை. அதற்கு எந்த ஊடகமும் தேவையில்லை. லயனின் பீலித் தண்ணீரே போதும்.